காப்புக் கட்டிய ஊரில் பிஸ்கட்டு

என் பிஸ்கட்டைப் பற்றி முதன்முதலில் உண்மை பேசியது ஒரு வெள்ளாடு. அதுவரை ஊரே என்னிடம் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கெட்ட எண்ணத்தில் சொன்ன பொய் என்று சொல்ல மாட்டேன். ஆலங்குடிக்குக் கிழக்கே எங்கள் பக்கத்தில், ஒருத்தி தன் கையால் செய்த பண்டத்தை நீட்டினால், அது செங்கல்லாகவே இருந்தாலும் "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள். குறை சொன்னால் அடுத்த விசேஷத்தில் அவள் நம் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் நகர்ந்துவிடுவாள் என்ற பயம். நானும் எத்தனையோ பேருடைய உப்பில்லாத உப்புமாவுக்கு நல்லாருக்கு சொன்னவள்தான். அதனால் அந்தப் பொய்யின் மேல் எனக்குக் கோபமில்லை. மூன்று மாதம் அதை அப்படியே நம்பினேன் பாருங்கள், அந்த வயிற்றெரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.

ஓவன் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குளத்தூர்ப் பக்கத்திலிருந்து நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து பதினோரு வருடம் ஆகிறது. தலைதீபாவளிக்குப் பிறந்த வீட்டில் உட்கார்ந்து தின்றுவிட்டேன். அடுத்த தீபாவளிக்கு இங்கே அதிரசம் சுடச் சொன்னார்கள். பாகு பதம் தவறிவிட்டது. சட்டியில் போட்ட அதிரசம் ஒவ்வொன்றும் எண்ணெயோடு எண்ணெயாகக் கரைந்து, கரண்டியை விட்டுத் துழாவினால் கருப்பாக என்னவோ குழம்பு மாதிரி வந்தது. பங்காளி வீட்டுப் பெண்கள் பதினைந்து பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். அன்றிலிருந்து இந்த ஊரில் எனக்கு "அதிரசம் கரைச்ச மருமவ" என்று பேர். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட, "அதான், அந்த அதிரசம் கரைச்ச பொண்ணு வீடு" என்று வழி கேட்டுத்தான் வருகிறார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால் அடுத்த வீட்டில் இருப்பது என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி, அதில் ஓர் ஆள் நுழையும் சந்து. அக்கா அதிரசம் சுட்டால் தட்டில் அடுக்கியதும் ஆறு கிராமத்துக்கு வாசம் போகும். முறுக்கும் சுடுவார். ஆனால் இந்த இரண்டு மூன்று வருடமாக முறுக்கில் ஒன்றைக்கூட அவர் வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால், "சுடுறவளுக்குத் திங்க மனசு வராதுடி" என்பார். அதை ஒரு பெரிய தியாகம் என்று நினைத்து நான் பலமுறை உருகியிருக்கிறேன்.

ஓவனை நான் கேட்டதற்குக் காரணம் அக்காதான். அதில் எண்ணெய் இல்லை, பாகு இல்லை, பதம் பார்க்கிற வேலை இல்லை. முக்கியமாக, ஊரில் வேறு யாரிடமும் அது கிடையாது. எத்தனை நன்றாகச் செய்தாலும் "மூத்தவ கைப்பக்குவம் வராது" என்று சொல்ல முடியாத ஒரு வேலை எனக்கென்று ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. வேறு என்ன பெரிய ஆசைப்பட்டுவிட்டேன் இந்த வீட்டில்?

என் வீட்டுக்காரர் தேங்காய் வியாபாரம் செய்கிறவர். பொங்கல் தள்ளுபடியில் புதுக்கோட்டையில் வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். கூட ஒரு பிளாஸ்டிக் குடம் இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அந்த ஓவனோடு வந்ததில் உருப்படியான பொருள் அந்தக் குடம் ஒன்றுதான் என்று பிற்பாடு அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

முதல் தட்டு, போனில் பார்த்தபடியே மைதா, வெண்ணெய், சர்க்கரை. சுமாராக வந்தது. அதோடு நின்றிருக்கலாம். எனக்குள் இருந்த விஞ்ஞானி அன்றைக்குத்தான் முழித்துக்கொண்டாள். சுக்கும் கருப்பட்டியும் போட்டேன். கடலையை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டேன். பலாச்சுளையை அரைத்துப் போட்டேன். அது பிஸ்கட்டாகவும் ஆகாமல் அல்வாவாகவும் ஆகாமல் தட்டை விட்டு வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. முருங்கைக்கீரை போட்டதைப் பார்த்து, "இது என்ன வறட்டியா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். மீமிசலில் கட்டிக்கொடுத்திருக்கும் என் சின்ன நாத்தனார் காய்ந்த கூனி இறால் கொடுத்துவிட்டிருந்தாள். அதைப் பொடி செய்து, மிளகு சேர்த்து ஒரு தட்டு வைத்தேன். ஓவன் சூடேறிய பத்தாவது நிமிடம் தெருவில் உள்ள பூனைகள் மொத்தமும் எங்கள் சமையலறை ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

எல்லாவற்றுக்கும் மேல், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஆகும் என்று நினைத்து வெந்தய பிஸ்கட்டு ஒன்று செய்தேன். அதைப் பற்றி இப்போது அதிகம் சொல்லப் போவதில்லை. கசப்பு ஒரு பக்கம், கடினம் ஒரு பக்கம். கீழே விழுந்தால் தரைக்குத்தான் சேதம்.

ஒவ்வொரு தட்டிலும் முதல் பங்கு அக்காவுக்குத்தான். நன்றாக ஆறவைத்து, எவர்சில்வர் தட்டில் அடுக்கி, வேலிச் சந்து வழியாகக் கொண்டுபோவேன். அக்கா ஒன்றை எடுப்பார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக ஓரத்தில் ஒரு துணுக்குக் கிள்ளுவார். நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். "நல்லாருக்குடி" என்பார். மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, "பிள்ளைக வந்தா குடுக்குறேன்" என்பார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறார்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கிறுக்கச்சி.

சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் வெந்தய பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள், தட்டை வாங்க மறந்துவிட்டேன் என்று மறுபடி சந்துக்குள் தலையை நீட்டினேன். அக்கா ஆட்டுக் கொட்டத்தில் நின்றுகொண்டு முந்தானையை அவிழ்த்து, என் பிஸ்கட்டை வெள்ளாட்டிடம் நீட்டிக்கொண்டிருந்தார். ஆடு பழகிய தோரணையில் தலையை நீட்டியது. மோந்து பார்த்தது. ஒரு தும்மல் போட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் வேலியில் இருந்த காய்ந்த கொடியைத் தின்றது.

"ச்சீ, கழுத, நேத்து சுக்கு போட்டதத் தின்னேல்ல?" என்று அக்கா அதை அதட்டினார்.

ஆடு தொடாத தழை ஆடாதொடை ஒன்றுதான் என்பார்கள். இரண்டாவதை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

அவர் பார்ப்பதற்குள் வேலியோரம் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அதை நான் வைத்த சத்தத்தில் என் வீட்டுக்காரர் தூக்கம் கலைந்து எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அவரோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. ஒங்க பரம்பரையில ஒருத்தருக்காச்சும் நாக்குன்னு ஒண்ணு இருக்கா?"

"எங்க நாக்கக் கொற சொல்லாத புள்ள. மூணு மாசமா அந்தப் பெட்டி கரண்ட்ட முழுங்குது. ஒருத்தராச்சும் முழுசா ஒண்ணு தின்னு நான் பாக்கல. மீமிசல்ல தங்கச்சி கேட்டுக்கிட்டே இருக்கு, கேக்கு செய்யுறேன்னு. அதுக்காச்சும் குடுத்தா ஒதவும்."

"அதத் தொட்டுப் பாருங்க, தெரியும்."

"சரி, ஒரு பேச்சு பேசிக்குவம். எங்க மதினி ஒண்ணே ஒண்ணு, முழுசா, என் கண்ணு முன்னால தின்னு முடிக்கட்டும். பெட்டி இங்கயே கெடக்கட்டும், நான் வாயத் தொறக்கல. இல்லேன்னா வைகாசித் திருவிழாவுக்கு வர்றப்ப தங்கச்சி ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

"சரி" என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்ன சரி. அக்காவிடம் போய், "அக்கா, எனக்காக ஒண்ணைத் தின்னுடுங்க" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்க மனம் வரவில்லை. பதினோரு வருடம் கழித்து, கெஞ்சித் தின்னவைத்தா நான் ஜெயிக்க வேண்டும்? அவராகத் தின்ன வேண்டும். ருசித்துத் தின்ன வேண்டும். எனக்கு ஓவன் வேண்டும், அதைவிட அது வேண்டும்.

திருவிழாவும் வந்தது. எங்கள் ஊர் மாரியம்மனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினால் அடுத்த செவ்வாய் பால்குடம், தேர். தேர் நிலைக்கு வந்ததும் காப்பை அவிழ்த்துவிடுவார்கள். அந்த எட்டு நாளும் ஊருக்குள் கவிச்சி கிடையாது. யாரும் ஊரை விட்டுப் போய் வெளியே தங்கக் கூடாது. எல்லாவற்றிலும் பெரிய சோதனை, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது, எதையும் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்காத சாம்பார், பச்சைத் தண்ணீர் மாதிரி ரசம், அவித்த கொழுக்கட்டை. டீக்கடையில் வடைத் தட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். மூன்றாம் நாளே ஊர் ஆண்களுக்கெல்லாம் ஆலங்குடியில் ஏதோ அவசர வேலை முளைத்துவிடும். போய்விட்டு வந்த என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் எண்ணெய்க் கறை. "லாரிக்கு ஆயில் மாத்துனேன்" என்றார். உளுந்து வாசம் அடிக்கிற ஆயிலை நான் அன்றுதான் பார்த்தேன்.

புதன்கிழமை குழாயடியில் பெண்கள் வாய் நமநமக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தபோது, "ஏங்க, என் ஓவன்ல எண்ணெயும் இல்ல, சட்டியும் இல்லையே" என்றேன். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அது சுடுவதா, அவிப்பதா, வாட்டுவதா என்று பெரிய வழக்கே நடந்தது. கடைசியில் பூசாரியைக் கூட்டி வந்துவிட்டார்கள்.

அவர் என் சமையலறைக்குள் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓவனைச் சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"உள்ள நெருப்பு எரியுமா தாயி?"

"இல்லங்க. கம்பி சிவக்கும், அவ்வளவுதான்."

"எண்ணெய் கொதிக்குமா?"

"எண்ணெயே இல்லங்க. மாவுல நெய் பெசஞ்சு வைக்கிறதுதான். முட்டையும் போடல."

"நெய்யி வெளக்குக்கே ஊத்துறதுதான. சத்தம் ஏதும் வருமா? சுர்ருனு, பொரியிற மாதிரி?"

"வெந்து முடிஞ்சதும் டிங்குனு ஒரு மணிச் சத்தம் மட்டும் வரும்."

பூசாரி ஓவன் கதவை விரலால் தட்டிப் பார்த்தார். "மணிச் சத்தம்னா ஆத்தாளுக்கு ஒகப்புதான்" என்றார். "ஆனா ஒண்ணு. தாளிக்கிற வாசம் மட்டும் தெருவுக்கு வரப்படாது. வந்துச்சு, நான் சும்மா இருந்தாலும் அவ சும்மா இருக்க மாட்டா." போகும்போது, "மொதத் தட்டுல எனக்கு ரெண்டு வையி" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? வீட்டுக்கு வீடு மாவும் நெய்யும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். "எனக்குக் கடல போட்டது", "எனக்குக் கருப்பட்டி" என்று ஆளாளுக்கு ஒரு பேச்சு. நாலு நாள் அந்தப் பெட்டி ஓயவே இல்லை. தின்றவர்கள் ஒருத்தர்கூட நல்லாருக்கு என்று சொல்லவில்லை. வாய் நிறைய இருந்ததால் சொல்ல முடியவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதிரசம் கரைத்த அன்று என்னைச் சுற்றி நின்ற அதே பெண்கள், இப்போது டிங் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஆனால் பந்தயம் அவர்களோடு இல்லையே. அக்கா வந்தார், ஒரு துணுக்குக் கிள்ளினார், கண்ணை மூடினார், நல்லாருக்குடி என்றார், முந்தானையில் முடிந்தார். "ஆத்தா பேரச் சொல்லி ஊரையே பேக்கரி ஆக்கிப்புட்ட" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். அவ்வளவுதான். பக்கத்தில் என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த மீசையில் ஒரு பிடி மைதாவை அப்ப வேண்டும் போல இருந்தது எனக்கு.

திங்கட்கிழமை வந்துவிட்டது. மறுநாள் நாத்தனார் வருவாள், வண்டியோடு. இனிப்பு எதற்கும் அக்கா மசியவில்லை, காரமாக ஒன்று செய்து பார்ப்போம் என்று மத்தியானம் உட்கார்ந்தேன். பச்சை மிளகாய் நறுக்கினேன். கறிவேப்பிலை உருவினேன். மாவில் ஊற்ற நெய்யை உருக்கலாம் என்று கரண்டியை கேஸ் அடுப்பில் காட்டினேன். கரண்டி அங்கே, மனசு மீமிசலில். என் ஓவனில் நாத்தனார் கேக் செய்து, அதை ஊரெல்லாம் புகழ்ந்து, அந்தப் புகழ் போன் வழியாக என் காதுக்கு வருவதாக நினைத்துக்கொண்டே இருந்தேன். கை சும்மா இருக்குமா? கரண்டியில் நெய் காய்ந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியும். அஞ்சறைப் பெட்டியைத் திறந்தது. கடுகை அள்ளியது. போட்டது. பின்னாலேயே கறிவேப்பிலையையும் போட்டது.

படபடபடவென்று வெடித்தது.

ஏழு நாளாக ஒரு கடுகு வெடிக்காத ஊரில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்டது என்று நான் எழுதிக் காட்ட முடியாது. அடியாத்தி, ஆத்தா, தாயே, மன்னிச்சிரு என்று அடுப்பை அணைத்தேன். கரண்டியில் இருந்ததை எங்கே ஒளிக்க? மாவிலேயே கொட்டிப் பிசைந்தேன். பிசைந்ததைத் தட்டி ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். தடயத்தை மறைத்துவிட்டதாக நினைப்பு. ஐந்து நிமிடத்தில் அந்தப் பெட்டி, கடுகும் கறிவேப்பிலையும் நெய்யும் சேர்ந்த வாசத்தைத் தெருவுக்கே அனுப்ப ஆரம்பித்தது.

கொல்லைக் கதவு திறந்தது. அக்கா நின்றார். மூக்கு விடைத்திருந்தது.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். சாமி மாடத்திலிருந்து தூபக்காலை எடுத்து, ஒரு கொட்டாங்கச்சியை அடுப்பில் காட்டித் தணலாக்கிப் போட்டு, அரைப் படி சாம்பிராணியைக் கொட்டினார். புகையில் அவர் முகமே எனக்குத் தெரியவில்லை. வாசலில் யாரோ வந்து, "அக்கா, எங்கிட்டோ தாளிக்கிற வாசம் வருதே?" என்று கேட்டார்கள்.

"ஏழு நாளா ஒனக்கு வாயி ஊறுது, அதான் மூக்கும் கனாக் காணுது. போயிச் சாமியக் கும்புடு" என்று அக்கா உள்ளேயிருந்தே விரட்டினார்.

அப்போது டிங் என்றது.

தட்டை வெளியே எடுத்தேன். ஆறட்டும் என்று வைப்பதற்குள் அக்கா ஒன்றை எடுத்துவிட்டார். கிள்ளவில்லை. அப்படியே பாதியைக் கடித்தார். மீதிப் பாதியையும் போட்டுக்கொண்டார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதை எடுத்தபோதுதான் எனக்கு வாய் திறந்தது.

"அக்கா... நீங்க முழுசாத் தின்னுட்டீங்க."

"சுடச்சுட மெத்துனு இருக்குடி" என்றார். "இப்புடி இருக்கும்னு யாரு கண்டா? நீ என்னைக்கும் ஆறிப் போயில்ல கொண்டாந்து குடுப்ப. ஆறுனா கல்லு."

"பல்லுக்குப் பதமாத்தானே இருக்கு எல்லாருக்கும்?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தப் புகையில் யார் இருக்கப் போகிறார்கள்! என் பக்கம் குனிந்து வாயைத் திறந்து காட்டினார். கடைவாயில் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை.

"மூணு வருசமாச்சு. ஒரு மாசம் பல்வலின்னு படுத்தேன்ல, அப்பப் புடுங்குனது. அவுகளுக்கே சரியாத் தெரியாது. ஊருக்கெல்லாம் முறுக்கு சுட்டுப் போடுறவளுக்கு முறுக்கு கடிக்கப் பல்லு இல்லேன்னு தெரிஞ்சா சிரிக்க மாட்டாளுகளா?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லக்கா? ஆட்டுக்குப் போட்டீங்களே!"

"பாத்துட்டியா?" என்றவர் கொஞ்சம் தடுமாறினார். "கடிக்க முடியலன்னா ஒன் பிஸ்கட்டு சரியில்லன்னுல்ல நெனப்ப. ஏற்கெனவே ஒரு அதிரசத்த வச்சு ஒன்ன இத்தன வருசமா ஓட்டுறாளுக. நான் வேற மொகத்துல அடிக்கவா?"

எனக்கு அழுகை வந்தது. சாம்பிராணிப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். அக்கா என்றால் எனக்கு எதிரி என்று பதினோரு வருடமாக எனக்குள்ளே ஒரு கணக்கு. அவரோ எனக்காக ஓர் ஆட்டையே பழக்கி வைத்திருந்திருக்கிறார்.

அழுதுகொண்டே பந்தயத்தைச் சொன்னேன். "அடப்பாவி மனுசா" என்றார் கொழுந்தனை. "என் வாய வச்சாடி பந்தயம்? இந்தா, இப்பத் தின்னுட்டேன்ல, போயிச் சொல்லு." சொல்லிவிட்டு அவரே வாயில் கையை வைத்துக்கொண்டார். எங்கே போய்ச் சொல்வது? என்ன பிஸ்கட்டு என்று கேட்டால்? கடுகு எப்படி வந்தது என்று கேட்டால்? பல்லில்லாதவர் ரகசியம் என்னிடம், தாளித்தவள் ரகசியம் அவரிடம். ஜெயித்தும் வாயைத் திறக்க முடியாத பந்தயம்.

"நாளைக்கிக் காலையில கடுகு இல்லாம ஒண்ணு செய்யி. சுடச்சுட அவரு முன்னாடி குடு. தின்னுட்டுப் போறேன்" என்று தீர்ப்புச் சொன்னார் அக்கா. ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் கொடுத்து, "நாளைக்கி உண்டியல்ல போட்டுட்டுத் தப்புச் சொல்லிக்க" என்றார். மிச்ச பிஸ்கட்டை முந்தானையில் கட்டிக்கொண்டார்.

"ஆட்டுக்காக்கா?"

"ஆடு கெடக்குது கழுத" என்று சந்துக்குள் நுழைந்து போனார்.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே மாவைப் பிசைந்துவிட்டேன். தட்டை உள்ளே வைத்துத் திருகினேன். விளக்கு எரியவில்லை. மறுபடி திருகினேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தேர் வருகிற அன்று, கம்பியில் உரசிவிடக் கூடாது என்று காலையிலேயே ஊருக்குக் கரண்டை நிறுத்திவிடுவார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகுதான் விடுவார்கள். வருடா வருடம் நடப்பதுதான். எனக்குத்தான் ஞாபகமில்லை.

பால்குடம் போனது. உண்டியலில் மஞ்சள் துணியைப் போட்டுத் தப்புச் சொன்னேன். தேர் நாலு தெருவையும் சுற்றி சாயங்காலம் நிலைக்கு வந்தது, காப்பை அவிழ்த்தார்கள். கரண்டு மட்டும் வந்தபாடில்லை. நாத்தனார் இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று நின்றாள். அவள் வந்திருந்தது அவர்கள் வீட்டு மீன் வண்டியில். கழுவித்தான் கொண்டுவந்திருந்தார்கள். கழுவினால் போகிற வாசமா அது! எட்டு நாளாக நெய் வாசம் மட்டுமே பார்த்த என் ஓவனை, என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மீன் பெட்டிக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள்.

"பேச்சுன்னா பேச்சு புள்ள" என்றார் என் வீட்டுக்காரர். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

நான் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேசினால் அழுதுவிடுவேன், நாத்தனார் முன்னால் அழ மாட்டேன்.

வேலிச் சந்தில் அக்கா வந்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பிஸ்கட்டு இருக்காடி?"

"எல்லாத்தையும் விருந்தாளுங்க தின்னுட்டாங்கக்கா. பச்ச மாவுதான் இருக்கு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "டப்பால அந்த வெந்தயம் ஒண்ணு ரெண்டு கெடக்கு, தூக்கிப் போட மனசில்லாம..." என்றேன்.

"கொண்டா."

"அக்கா, வேணாம். அது சித்திரையில செஞ்சது. ஆடே..."

"கொண்டாடிங்கிறேன்ல."

கொண்டுவந்தேன். அக்கா அதை வாங்கி, கொழுந்தன் முகத்துக்கு நேரே ஒருமுறை காட்டினார். கிள்ளவில்லை. முன்பல்லால் ஓரத்தை வைத்து, அணில் மாதிரி கொறிக்கத் தொடங்கினார். நறுக் நறுக் என்று அந்தச் சத்தம் வாசலில் எல்லோருக்கும் கேட்டது. கசப்பு ஏறியபோது முகம் ஒரு பக்கமாகக் கோணியது. கண்ணில் தண்ணீர் கட்டியது. நாத்தனார் பயந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் நீட்டினாள். அக்கா கையை ஆட்டி மறுத்துவிட்டார். என் வீட்டுக்காரர், "மதினி, போதும் மதினி, விட்டுருங்க" என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே மென்றார். தேர் நாலு தெருவைச் சுற்றி வர எவ்வளவு நேரமோ, அந்தப் பிஸ்கட்டு உள்ளே போகவும் அவ்வளவு நேரம் ஆனது. கடைசித் துணுக்கையும் விழுங்கி, உள்ளங்கையில் ஒட்டியிருந்த தூளையும் நக்கிவிட்டு, சொம்பை வாங்கி மடக்மடக்கென்று குடித்தார்.

"நல்லாருக்கு" என்றார். அப்புறம் ஆண்கள் பக்கம் திரும்பி, "எறக்குங்கப்பா பெட்டிய" என்றார்.

இறக்கினார்கள். "பெரிய மதினி தின்ன தினுசப் பாத்தா எனக்கு இந்தப் பெட்டியே வேணாம் சாமி" என்று நாத்தனார் வண்டியில் ஏறிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் ஓவனைத் துடைக்க ஒரு துணியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து அந்தக் குடத்தைப் பற்றி அவர் பேசுவதில்லை.

அக்கா தாடையைப் பிடித்துக்கொண்டு என் காதருகே வந்தார்.

"காப்பு அவுத்தாச்சுல்ல?"

"அவுத்தாச்சுக்கா."

"அப்ப என்னடி நிக்கிற? போயிக் கடுகத் தாளி. சுடச்சுட கொண்டா."

கரண்டு வரும்போது ஏழு மணி இருக்கும். நான் அதற்கு முன்பே தாளித்து, மாவில் கொட்டிப் பிசைந்து, தட்டி வைத்துவிட்டேன்.